நாற்பத்தேழு அங்குலம்

கூட்டக் குறிப்பில் பொய் எழுதியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நெட்டையக்காவைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

எங்கள் நகரசபையில் கட்டிட வடிவமைப்புக் குழு என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடம், நூலகம், பேருந்து நிலையம் என்று ஊருக்குப் பொதுவாக எது எழும்பினாலும் அதன் வரைபடம் மூன்று தடவை இந்தக் குழுவின் முன் வந்தாக வேண்டும். முதல் தடவை மொத்த உருவம், அடுத்த தடவை விவரங்கள், கடைசித் தடவை வாக்கெடுப்பு. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு இரண்டாம் மாடியில் கூட்டம். நீள மேசை, சுவரில் திரை, குடிக்கப்படாமலே ஆறிப்போகும் டீ. மூலையில் சின்ன மேசையில் நான். பேசுவதைக் குறித்து, தட்டச்சு செய்து, அடுத்த கூட்டத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது என் வேலை. பதினேழு வருஷமாக அதுதான் பிழைப்பு.

ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேர் நிரந்தரம். தலைவர், அவர் சொன்னால் தலையாட்டும் நான்கு பேர், தீயணைப்பு அதிகாரி ஒருவர், வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், வயதான பெண் ஓவியர் ஒருவர். ஒன்பதாவது நாற்காலி மட்டும் ஆள் மாறும். எந்தக் கட்டிடம் வருகிறதோ, அதில் புழங்கப் போகிற ஒருவர் அதில் உட்கார வேண்டும் என்று விதி. வழக்கமாக ஒரு தலைமையாசிரியரோ பெரிய டாக்டரோ வருவார். “ரொம்ப நல்லா இருக்கு” என்பார், பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிடுவார், போய்விடுவார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் புதிதாக அவசர சிகிச்சைக் கட்டிடம் வருவதாக முடிவானபோது, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெயர் கேட்டுக் கடிதம் போனது. தலைமை நர்ஸ் பெயரைத்தான் கொடுப்பதாக இருந்தார்கள். அவர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். படிவத்துக்குக் கடைசி நாள். ஆஸ்பத்திரியின் தலைமை எழுத்தர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஒரு பெண் அவர் அறைக்கே வந்து, சக்கரம் தேய்ந்து போன வண்டிகளைப் பற்றி அந்த மாதத்தில் நாலாவது தடவையாகச் சண்டை பிடித்திருக்கிறார்.

“எப்பப் பார்த்தாலும் குறை, குறை! உனக்குன்னே ஒரு கமிட்டி இருக்கு. போய் அங்க உட்கார்ந்து குறை சொல்லு” என்று அந்தப் பெண்ணின் பெயரையே எழுதி அனுப்பிவிட்டார் எழுத்தர். எரிச்சலில் செய்த காரியம். போன இடத்தில் வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்திருக்கிறார்.

அந்தப் பெண்ணின் உயரம் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆஸ்பத்திரியில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நெட்டையக்கா. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், ஆனாலும் எனக்கும் அக்காதான். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷமாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டு முன்னறைதான் கடை. அவருடைய அக்கா, அதாவது இவருடைய நாத்தனார், அதே கடையில் பட்டனும் காஜாவும் பார்ப்பவர். மகள் வெளியூரில் படிக்கிறாள்.

“கோட்டு போட்டவங்க உட்கார்ற இடத்துல உனக்கென்னடி வேலை? டீ ஆத்திக் கொடுக்கக் கூப்பிட்டிருப்பாங்க” என்றாராம் நாத்தனார்.

“டீ நல்லா இல்லைன்னா அதையும் சொல்லிட்டு வர்றேன் அண்ணி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

முதல் கூட்டத்தில் வெள்ளை அட்டையில் செய்த மாதிரிக் கட்டிடத்தை மேசை நடுவில் வைத்திருந்தார்கள். விரல் உயரத்துக்கு மரங்கள், எறும்பு அளவுக்கு மனிதர்கள். முன்சுவர் நேராக இல்லை. கடல் அலை போல உள்ளே வளைந்து வெளியே வளைந்து போனது. வடிவமைத்த கட்டிடக் கலைஞருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நன்றாகப் பேசினார். அந்த அலை நோயாளியின் மூச்சைக் குறிக்கிறது என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். கல்லின் நிறம் பற்றி நாற்பது நிமிஷம் பேச்சு நடந்தது. சாம்பலா, வெளிர் மஞ்சளா?

நெட்டையக்கா கையைத் தூக்கினார்.

“இதுல ஸ்ட்ரெச்சர் எந்தப் பக்கமா உள்ள வருது?”

யாரோ லேசாகச் சிரித்தார்கள். கலைஞர் மரியாதையாகவே சொன்னார்: “அதெல்லாம் அடுத்த கட்டத்துல வரும்மா. இது உருவம் மட்டும்தான்.”

“சரி, அடுத்த கட்டத்துல கேக்கறேன்” என்று கையை இறக்கினார்.

அடுத்த மாதம் கேட்டார். திரையில் தரைத்தள வரைபடம் இருந்தது. எழுந்து போய்த் திரையிலேயே விரலை வைத்து, ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து லிஃப்ட் வரைக்கும் நகர்த்திக்கொண்டே போனார். பாதியில் விரல் நின்றது. அலை உள்பக்கமாக வளைகிற இடம் அது. அந்த வளைவைத் தாங்க ஒரு தூணும் நின்றது. எட்டடி அகலமாக வருகிற தாழ்வாரம் சரியாக அங்கே சுருங்கி, சுருங்கிய இடத்திலேயே லிஃப்டை நோக்கித் திரும்பியது.

“இந்த முக்குல வண்டி திரும்பாதே.”

“திரும்பும்மா. அளவு பார்த்துத்தான் போட்டிருக்கோம்” என்றார் கலைஞர்.

தலைவர் குறுக்கிட்டார். “அம்மா, ஒண்ணு புரிஞ்சுக்கணும். இந்தக் குழு பார்க்கிறது கட்டிடத்தோட தோற்றத்தை. உள்ளே அறை எங்க, தூண் எங்கன்னு பார்க்கிறது நம்ம வேலை இல்லை.”

“வெளியில நீங்க வளைச்சதுதானே சார் உள்ள வந்து இடிக்குது? சுவருக்கு ரெண்டு பக்கம் இல்லையா?”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

அன்று மாலை குறிப்பைத் தட்டச்சு செய்யும்போது நகரசபைச் செயலாளர் என் மேசைக்கு வந்தார். “அந்தம்மா பேசினதை அப்படியே போடாதீங்க. ‘பயன்படுத்துவோர் பிரதிநிதி வடிவமைப்பைப் பாராட்டி, சில விளக்கங்கள் பெற்றார்’னு போடுங்க. போதும்.”

போட்டேன். எனக்கு அதில் பெரிய உறுத்தல்கூட இருக்கவில்லை. இப்படி எத்தனையோ போட்டிருக்கிறேன்.

குறிப்பை அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக உறுப்பினர்களுக்கு அனுப்பிவிடுவோம். அதைப் படித்த மறுநாளே நெட்டையக்கா வேலை உடுப்போடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, இதை எழுதினது நீங்களா?”

“ஆமாம்மா.”

“நான் எப்ப பாராட்டினேன்?”

‘மேலே சொன்னாங்க’ என்று முனகினேன்.

“மேல சொன்னா? நான் உங்க கண்ணு முன்னாடிதானே நின்னேன்? விரலை வச்சுக் காட்டினேனே!” குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. “இதுல என் கையெழுத்து விழாது. எட்டுப் பேர் போடட்டும். ஒன்பதாவது இடம் காலியா கிடக்கட்டும்.”

ஒன்பது கையெழுத்தும் இல்லாமல் கோப்பு நகராது. செயலாளர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசினார். தலைமை எழுத்தர் அக்காவைக் கூப்பிட்டு நல்ல வார்த்தையில் சொல்லிப் பார்த்தார், பிறகு கெட்ட வார்த்தையில் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. நீராவியும் பிளீச்சிங் வாடையும் நிறைந்த பின்கட்டு அது. அங்கே போட்டால் ஒரு வாரத்தில் எல்லோரும் மாற்றல் கேட்டுக் காலில் விழுவார்களாம்.

“போனேன்” என்றார் பிறகு என்னிடம். “எங்க போட்டாலும் கண்ணும் வாயும் என்கூடத்தானே வருது?”

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நான் ஒரு தடவை கேட்டேன். சொன்னார். பழைய கட்டிடத்திலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. வண்டியை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, மறுபடி தள்ளித்தான் திருப்ப முடியும். ஒரு நாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், நினைவு இருந்தது. திருப்பத்தில் வண்டி மாட்டிக்கொண்டது. சக்கரம் வேறு சுற்றவில்லை. நாலு நிமிஷம் போராடினார்கள். கடைசியில் போர்வையோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். “அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘வண்டியை விட்டுட்டீங்களே, யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க’ன்னாரு. தமாஷ் பண்றாராம். லிஃப்ட் வர்றதுக்குள்ள போயிட்டாரு.” அந்தத் திருப்பம் இல்லாவிட்டால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. “ஆனா அந்த நாலு நிமிஷம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும் அண்ணே.”

சலவைப் பிரிவுக்குப் போன வாரத்தில், வரைபடத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கணவர் முன் விரித்திருக்கிறார்.

“இதைப் படிக்கத் தெரியுமா உங்களுக்கு?”

தையல்காரர் அதிகம் பேசாதவர். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “சட்டைக்குப் பேப்பர்ல வெட்டு அளவு போடறோமில்ல, அதேதான். நூறு பங்கு சின்னதாக்கியிருக்காங்க.” அளவுகோலை வைத்து அந்தத் திருப்பத்தை அளந்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர். நூறால் பெருக்கினார். நாடாவைத் திருப்பிப் பார்த்து, “நாற்பத்தேழு அங்குலம். சொச்சம் கொஞ்சம்” என்றார்.

ஸ்ட்ரெச்சரின் அளவு அக்காவுக்கு மனப்பாடம். நீளம் எண்பத்து நாலு, அகலம் பக்கக் கம்பியோடு முப்பது. வண்டி திரும்புமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க இருவருக்குமே தெரியாது. ஆனால் தைத்துப் பார்க்கத் தெரியும். வெள்ளை லைனிங் துணியை நாலு பட்டையாக ஒட்டுப்போட்டு, அந்தத் திருப்பத்தை உள்ளது உள்ளபடி நிஜ அளவில் வரைந்தார்கள். சாக்கட்டியால் கோடு போட்டபோது நாத்தனார் எட்டிப் பார்த்தார்.

“சாக்கட்டியில போட்டா ஒருத்தன் காலால தேச்சா அழிஞ்சுடும். அவனுங்க தேய்ப்பானுங்க. தள்ளு.”

கறுப்பு நூலைக் கோர்த்து, கோடு முழுவதையும் மெஷினில் தைத்துக் கொடுத்தார் அந்த அம்மாள். இரண்டு சாயந்திரம் பிடித்தது.

சலவைப் பிரிவின் பின்னால் துணி உலர்த்தும் முற்றத்தில் அதை விரித்து, பழைய கூட்டாளிகளை ஒரு ஸ்ட்ரெச்சரோடு வரச்சொல்லித் தள்ளிப் பார்த்தார். எப்படித் தள்ளினாலும் ஒரு சக்கரம் கறுப்புக் கோட்டைத் தாண்டியது. நாலு அங்குலம் போதவில்லை. முழுதாக ஒரு கைகூட இல்லை.

மூன்றாவது கூட்டத்துச் செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு நகரசபை வாசலில் ஒரே சத்தம். காவலாளி கையை விரித்துக்கொண்டு நின்றார். எதிரே நெட்டையக்கா, அக்குளில் மடித்த துணி. பின்னால் வேலை நேரம் முடிந்த மூன்று ஆண்கள், ஒரு ஸ்ட்ரெச்சர்.

“இதையெல்லாம் உள்ளே விட முடியாதும்மா.”

“ஆளே இல்லாத வண்டிதான். ஆளோட வந்தாத்தான் பயப்படணும்.”

“என்னத்துக்கு இது?”

“நான் கமிட்டி மெம்பர். இது என் பேப்பர்.”

நான் இறங்கிப் போய், உறுப்பினர்தான் என்று சொல்லி உள்ளே விடச் செய்தேன். லிஃப்டில் ஏற்றப் பார்த்தோம். ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கதவு மூட வந்து, முட்டி, திறந்து, மறுபடி முட்டியது.

“அண்ணே, இந்தக் கட்டிடமும் உங்க கமிட்டி பார்த்துப் பாஸ் பண்ணினதுதானா?”

“நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடிம்மா” என்றேன் அவசரமாக.

படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் நானும் பிடித்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த மாடிக்கு நான் தூக்கிப் போன கனமான பொருள் அதுதான்.

மேசையின் கடைசிப் பக்கத்தில் நிறைய இடம் இருந்தது. துணியை விரித்து, கோட்டின் ஓரத்தில் காலி நாற்காலிகளைச் சுவர் மாதிரி வரிசையாக வைத்தார் அக்கா. தலைவர் உள்ளே வந்து, நின்று, “என்ன இது?” என்றார்.

“நீங்க பாஸ் பண்ணப் போற தாழ்வாரம் சார். அளவு அவங்க பேப்பர்ல உள்ளதுதான். சரியான்னு அவரே பார்க்கட்டும்.”

கட்டிடக் கலைஞர் குனிந்து, பையிலிருந்து நாடாவை எடுத்து அளந்தார். இரண்டு தடவை அளந்தார். “சரியாத்தான் இருக்கு” என்றார் மெல்ல.

“அப்ப தள்ளுங்க.”

“நானா?”

“நான் தள்ளினா வேணும்னே இடிச்சேன்னு சொல்வீங்க.”

“வண்டியில ஆள் வேண்டாமா?” என்று கேட்டபடி பெண் ஓவியர் எழுந்தார். அறுபத்தைந்து வயதுக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் தடுப்பதற்குள் ஸ்ட்ரெச்சரில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார். “போகலாம் தம்பி. எனக்கு நெஞ்சு வலி.”

சிரிப்பு எழுந்தது. கலைஞர் தள்ளினார். திருப்பத்தில் முதல் நாற்காலி சரிந்தது. பின்னுக்கு இழுத்தார். மறுபடி தள்ளினார். பின் சக்கரம் கோட்டைத் தாண்டி இரண்டு நாற்காலிகளைச் சாய்த்தது. மூன்றாவது தடவை மிக மெதுவாக, உதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளினார். கம்பி ஒரு நாற்காலியின் முதுகில் சிக்கி நின்றது. சிரித்தவர்கள் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

“இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?” என்றார் ஓவியர், கூரையைப் பார்த்தபடி. அவர் குரலில் விளையாட்டு இல்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “இது நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம். கல், நிறம், முகப்பு எல்லாம் ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு. வாக்கெடுப்புக்குப் போகலாம்.”

போனார்கள். வடிவமைப்பை ஏற்று ஐந்து கை, எதிர்த்து நாலு கை. அக்கா, ஓவியர், தீயணைப்பு அதிகாரி, பேராசிரியர். தோற்றாயிற்று.

நெட்டையக்கா உட்காரவில்லை. “எதிர்த்துப் போட்டவங்க காரணம் எழுதிக் கொடுக்கலாம்னு உங்க விதியில இருக்கு. பதினோராவது விதி. அதைக் கோப்போட சேர்த்தே அனுப்பணும்னும் இருக்கு. படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

“எழுதிக் கொடுங்க” என்றார் செயலாளர்.

“எழுதியாச்சு.” தரையில் கிடந்த துணியைக் காட்டினார்.

“துணியை எப்படிம்மா ஃபைல்ல வைக்கிறது?”

“மடிச்சு வைங்க.”

மடித்து வைத்தேன். ஓரத்தில் துளை போட்டு, கயிறு கோர்த்து, பக்க எண்ணும் போட்டேன். முந்தைய கூட்டத்தின் குறிப்பையும் அன்றே மாற்றி அடித்தேன்: ‘தாழ்வாரத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது என்று உறுப்பினர் ஆட்சேபம் தெரிவித்தார்.’ செயலாளர் சிவப்பு மையால் அடித்தார். நான் மறுபடி தட்டச்சு செய்து கொண்டுபோனேன். அவர் மறுபடி அடித்தார். “அந்தம்மா கையெழுத்துப் போடாம கோப்பு எங்கயும் போகாது சார்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அக்கா வந்து, இரண்டு தடவை படித்து, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்துக் கட்டிடக் கலைஞர் சலவைப் பிரிவுக்கு வந்தார், தனியாக. அலையை அந்த இடத்துக்கு முன்பே முடித்துவிடலாம், தூணை வெளியே கொண்டுபோகலாம் என்று காகிதத்தைக் காட்டினார். அக்கா ஈரத் துணி குவிந்த வண்டி ஒன்றைக் காட்டி, “முதல்ல இதை உலர்த்துற இடம் வரைக்கும் தள்ளுங்க. அப்புறம் பேசலாம்” என்றார். சட்டை நனைய அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார் மனிதர். வழியில் இருந்த இரண்டு வாசற்படிகளைப் பற்றி அவரே திட்டிக்கொண்டு வந்தாராம். அதற்குப் பிறகுதான் அக்கா காகிதத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று இடத்தில் விரலை வைத்தார்.

திருத்திய வரைபடம் மறுபடி குழுவுக்கு வந்தது. ஐந்தே நிமிஷத்தில் ஒன்பது கையும் உயர்ந்தன. தலைவர், குழுவின் ஆலோசனைப்படி கலைஞர் செய்த திருத்தம் என்று பாராட்டிப் பேசினார். அக்கா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சுருக்கினார்.

சலவைப் பிரிவிலிருந்து அவரை மீட்க ஊழியர் சங்கத்துக்கு எட்டு மாதம் பிடித்தது. அதற்குள் அங்கே வாசற்படிகளை இடித்துச் சரிவாக்க வைத்துவிட்டுத்தான் வந்தார். புதுக் கட்டிடம் எழும்பி இரண்டு வருஷமாகிறது. திறப்பு விழாவுக்கு அவருக்கு அழைப்பு இல்லை. அன்று அவருக்குப் பகல் வேலை. மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே முதல் நோயாளியை அந்தத் தாழ்வாரத்தில் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டு போனார்.

அந்தக் கட்டிடத்தோடு அவர் நாற்காலி முடிந்தது. ஆனால் கூட்டத்தின் கடைசியில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிஷம் பேசலாம் என்று ஒரு விதி உண்டு. அதுவரை அந்த இடத்தில் நான் எழுதியது ‘பொதுமக்கள் யாரும் பேசவில்லை’ என்ற ஒரே வரிதான். இப்போது அக்கா கூட்டமுள்ள செவ்வாய்க்கிழமைகளில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு பின்வரிசையில் வந்து உட்காருகிறார். சில நாள் நாத்தனாரையும் கூட்டி வருகிறார்.

போன மாதம் பேருந்து நிலையத்தின் வரைபடம் வந்திருந்தது. முப்பதடி உயரத்தில் கண்ணாடிக் கூரை, பக்கச் சுவரே இல்லை. பொதுமக்களுக்கான மூன்று நிமிஷம் வந்ததும் அக்கா எழுந்தார்.

“அம்மா, இது ஆஸ்பத்திரி இல்லையே” என்றார் தலைவர் அலுப்போடு.

“நான் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில போறவதான் சார். மழை சாய்வா அடிச்சா இங்க எங்க நிக்கிறது?”

புதிதாக வந்திருந்த வடிவமைப்பாளர் காகிதங்களைப் புரட்டினார். செயலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, “மூணு நிமிஷம் ஆச்சும்மா, உட்காருங்க” என்றார்.

“நான் பேசி முடிச்சாச்சு. நேரம் ஓடுறது அவங்க பதிலுக்கு” என்றார் நெட்டையக்கா. உட்காரவில்லை.

நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.